இந்தப் பக்கத்தில் இல்லாத படம்

ஃப்ளெக்ஸ் கடை வாசலில் கயிற்றுக்காரரின் முகம் இரண்டடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. தலைக்குப் பின்னால் மஞ்சள் ஒளிவட்டம். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு சொற்கள், எதிரில் வெறும் புள்ளிகள். பெயர் வரவேண்டிய இடத்திலும் புள்ளிகள்தான். எண்ணினேன். பதினான்கு.

கயிற்றுக்காரர் சாகவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் கடத்தூர் சந்தையில், அவர் மாட்டுக் கயிறு விற்கிற இடத்தில் அவரைப் பார்த்திருந்தேன். ஒரு கன்றுக்குட்டிக்குக் கழுத்துமணி கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தை எடுத்தவன் நான்.

கடைக்காரர் சக்திவேல் உள்ளேயிருந்து வந்தார். “பாத்தீங்களா சார்? உங்க படந்தான். பிரிண்டு போடக் குடுத்தீங்கல்ல, கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு. மாடலுக்கு வெச்சேன். சாமி கணக்கா மூஞ்சி. நாலு பேரு இதே மாதிரி போட்டுக் குடுன்னு கேட்டுட்டாங்க.”

“அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரே, தம்பி?”

“பேரு போடலீங்களே சார்.”

அப்போதே கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. வலது கன்னத்தில் கருப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டு என்றேன். பிறகு சாலையைத் தாண்டி எதிர்ப்புறம் போய் நின்று, அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பலகை அங்கே ஒன்பது நாள் நின்றது. அதில் ஆறு நாள் நான் அந்த வழியாகப் போனேன்.

ஏழு கடிதங்கள்

கேமரா வாங்கிய கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு ஏழு பேர் எழுதியிருந்தார்கள். நான்கு பேர் என்ன கேமரா என்று கேட்டிருந்தார்கள். மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: “நீங்கள் எடுத்ததில் சிறந்த படம் எது? அதை இதழில் போடலாமே?”

அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத இப்படி ஆகிவிட்டது.

இதுவரை பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம் படங்கள் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன்: இடம், நேரம், வெளிச்சம். இந்த விஷயத்துக்குப் பிறகு அந்த நோட்டுகளை ஒரு பகல் முழுக்கப் புரட்டி, எத்தனை பேரிடம் கேட்டுவிட்டு எடுத்தேன் என்று கணக்குப் பார்த்தேன். அறுபத்து மூன்று பேர்.

அந்த அறுபத்து மூன்றில் ஒன்றுகூட நல்ல படம் இல்லை. கேட்டால் மனிதர்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ரேஷன் கார்டுக்கு நிற்பது போல நின்றுவிடுகிறார்கள். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். எனக்கு அது நியாயமான காரணமாகவே பட்டது.

“கேட்டா மூஞ்சி போயிரும்னு சொல்றீங்க” என்பாள் என் மனைவி. “கேக்காம எடுத்தா அது அவங்க மூஞ்சியா, உங்க மூஞ்சியா?”

இதற்கு ஐந்து வருடமாகப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடு எண்ணிய காலம்

நான் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத்துக்காக எண்ணியவன். புள்ளிவிவர வேலை. கிணறு, மாமரம், அறுத்த கேழ்வரகு, கால்நடை. சைக்கிளில் ஆரம்பித்து மொபெட்டில் ஓய்வு பெற்றேன்.

கால்நடை எண்ணப் போகும்போது வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். எதற்கு எண்ணுகிறோம் என்று சொல்ல வேண்டும். அப்படியும் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு அம்மாள், “ஆட்ட எண்ணாதீங்க, எண்ணுனா கொறஞ்சு போவும்” என்று பட்டிக்குக் குறுக்கே கையை விரித்து நின்றுவிட்டார். ‘தகவல் தர மறுப்பு’ என்று எழுதிக்கொண்டு திரும்பினேன். அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டமே இருந்தது.

ஒரு வீட்டில் எத்தனை ஆடு என்று கேட்பதற்கு எனக்கு இவ்வளவும் தேவைப்பட்டது. ஒரு மனிதரின் முகத்தை எடுத்துக்கொண்டு போக ஒன்றும் தேவைப்படவில்லை. மறுப்பு என்று எழுதக் கட்டமும் இல்லை.

தொப்பூரில் ஒருவர் மறுத்தார். கணவாய் இறக்கத்தில் தக்காளி லாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. பேருந்தை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள், நான் படம் எடுத்தேன். நசுங்கிய தக்காளிக்கு நடுவே டிரைவர் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“சார், வேணாங்க. வூட்ல பாத்தாங்கன்னா திரும்ப வண்டி ஏற உட மாட்டாங்க.”

அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்துத்தான் அழித்தேன், அதுவும் படம் சரியாக விழவில்லை என்பதால்.

நாலு நிமிடப் பேச்சு

கயிற்றுக்காரருக்கு வருகிறேன். வெயில் ஏறாத ஒரு காலை. சந்தையில் அவர் மஞ்சள் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அந்த மஞ்சள் அவர் நரைத்த மீசையிலும் கன்னத்து எலும்பிலும் இறங்கியிருந்தது. முன்னால் மூக்கணாங்கயிறு, தும்பு, மணிக் கயிறு எல்லாம் கட்டுக் கட்டாக. கையில் பாதி அளந்த கயிறு. ஆனால் அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, கூட்டத்துக்குள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

புளி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று மூன்று முறை அமுக்கினேன். முதல் படம் ஆடிவிட்டது. இரண்டாவதுதான் அந்தப் படம். மூன்றாவதில் அவர் என்னைப் பார்க்கிறார்.

மாட்டிக்கொண்டால் நான் செய்கிற ஒரு வேலை உண்டு. உடனே பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்துவிடுவேன். சரக்கைப் பற்றிக் கேட்பேன், ஊரைக் கேட்பேன், அவர்களைச் சிரிக்க வைப்பேன். நாலு நிமிடம் போதும். அதற்குள் படம் எடுத்தது மறந்துபோகும், அழிக்கச் சொல்ல மாட்டார்கள்.

“என்ன சார், பேப்பர்லயா போடப் போறீங்க?” என்றார்.

“இல்லை, சும்மா. இது தேங்காய் நாரா, கத்தாழையா?”

“கத்தாழங்க. இப்பெல்லாம் நைலானுதான் கேக்கறாங்க. மாட்டுக்கு வாயி இருந்தா நைலான் வேணாம்னு சொல்லும்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். நாலு நிமிடம். பெயரைக் கேட்கவில்லை. நோட்டில் ‘கயிற்றுக்காரர், தார்ப்பாய் வெளிச்சம், மிக நன்று’ என்று எழுதினேன்.

அவர் பெயர் மாதையன் என்பது, பலகை வைத்த பத்தாம் நாள்தான் தெரிந்தது.

“யாருய்யா என்னைக் கொன்னது?”

பத்தாம் நாள் நான் ஒரு பிரிண்ட் வாங்க ஃப்ளெக்ஸ் கடைக்குள் நின்றிருந்தேன். வாசலில் சட்டம் முறிகிற சத்தம் கேட்டது. கிழிந்த பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தார்.

“யாருய்யா இங்க என்னைக் கொன்னது?”

“அண்ணே, உக்காருங்கண்ணே” என்றார் சக்திவேல்.

“உக்காரவா வந்தேன்? எழவுக்கு வந்திருக்கறேன். எம் எழவுக்கு.”

பிறகு அவர் உட்கார்ந்தார். சக்திவேல் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்காமல் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரே தங்கை, சின்னபாப்பா. பாப்பாரப்பட்டிக்கு அருகே ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தங்கை மகள் சடங்குக்குத் தாய்மாமனாகப் பச்சை ஓலைக் குடிசை கட்டப் போனவர், வழியில் வண்டி நின்றுபோய்த் தாமதமாகப் போயிருக்கிறார். நேரம் தவறிவிடும் என்று பெரியப்பா மகனை வைத்துக் குடிசையைக் கட்டிவிட்டார்கள். இவர் சீர்த்தட்டோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து போனும் இல்லை.

தங்கையின் பக்கத்து வீட்டுக்காரர் கடத்தூருக்கு வந்தவர், பேருந்து ஜன்னலில் இருந்து பலகையைப் பார்த்திருக்கிறார். அவர் புள்ளிகளைப் படிக்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார்.

“நேத்து பொழுதோட டெம்போ வெச்சிக்கிட்டு வந்துட்டாங்க. பதினாறு பேரு. கோடி வேட்டி, மாலை. எந் தங்கச்சி தெரு முனையிலயே மாரடிச்சிக்கிட்டு வருது. ‘அண்ணா, எனக்குக்கூட சேதி சொல்லி உடாம எடுத்துட்டாங்களே’ன்னு. நான் தின்னுட்டிருந்த கையோட எந்திரிச்சு வெளிய வந்தேன்.”

சக்திவேல் வாயில் கை வைத்தார்.

“என்னைப் பாத்ததும் மாலையக் கீழ போட்டுச்சு. ஒரு நிமிசம் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே நின்னோம். அப்படியே உட்டிருந்தா கட்டிப் புடிச்சிருக்கும். அதுக்குள்ள எங்க வூட்டுக்காரி கோடியப் பாத்துட்டா. ‘எம் புருசன் உசுரோட இருக்கறப்ப கோடி எடுத்துட்டு வந்தியா? நல்லது கெட்டதுக்கு வராதவ, தாலியறுக்க வந்தியா?’ன்னு புடிச்சிக்கிட்டா. அது அப்படியே திரும்பிப் போயி டெம்போல ஏறிக்கிச்சு.”

சாவுக்கென்று எடுத்து வந்த கோடித் துணியை மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. போகிற வழியில் ஒரு பாலத்துக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார்களாம்.

“சரி, சொல்லு. எம் படத்த யாரு உனக்குக் குடுத்தது?”

சக்திவேல் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, “நெட்ல இருந்துச்சுங்கண்ணே” என்றார்.

“நெட்ல எம் மூஞ்சி எப்படிய்யா இருக்கும்? எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு.”

நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். கேமரா பைக்குள் இருந்தது, ஜிப் போட்டிருந்தேன். அலமாரியில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அடுக்கியிருந்தார்கள். எண்ணினேன். முப்பத்தெட்டு. எண்ணி முடித்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

செத்துப் பிழைத்தவர்

ஐந்து வாரம் சந்தைப் பக்கம் போகவில்லை. மனைவியிடம் முதல் வாரமே சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “எம் படத்தையும் எங்கியாவது குடுத்து வெச்சிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். அது எனக்குத் திட்டைவிட அதிகமாக வலித்தது.

ஆறாவது வாரம் போனேன். மஞ்சள் தார்ப்பாய்க்கு முன்னால் ஆள் குறைவு. பக்கத்துக் கத்தரிக்காய்க்காரர் ஒரு விவசாயியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “செத்துப் பொழச்சவருகிட்ட வாங்கு மாமா, மாடு நூறு வருசம் இருக்கும்.” விவசாயி சிரித்துவிட்டுத் தாண்டிப் போனார். புதுக் கன்றுக்கு மூக்கணாங்கயிறு வாங்க வருகிறவர்கள் சகுனம் பார்க்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

நான் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். இந்த வயதில் குந்தினால் எழுவது சிரமம். எழுந்து ஓடிவிடக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

“அந்தப் படத்தை எடுத்தது நான்தாங்க.”

அவர் கயிறு அளப்பதை நிறுத்தவில்லை. “தெரியுங்க.”

“எப்படி?”

“என்னைப் படம் புடிச்சது எம் பொழப்புல நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கு கடையிலயும் நின்னுட்டிருந்தீங்க. சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

கேமராவை அவர் மடியில் வைத்து, மூன்று படங்களையும் காட்டினேன். இரண்டாவதில் அவர் வெகுநேரம் நின்றார்.

“இதுல நான் யாரப் பாத்துட்டிருக்கேன் தெரியுங்களா?”

தெரியாது என்றேன். எத்தனையோ முறை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வை போகிற இடம் படத்துக்கு வெளியே இருந்தது.

“எந் தங்கச்சிங்க. அன்னிக்கு சந்தைக்கு வந்திருந்துச்சு. ஆட்டுக்காரங்க பக்கம் நின்னுச்சு. கூப்புடலாமா, வாணாமான்னு... கூப்புடலாம்னு வாயத் தொறந்துட்டேன். பக்கத்துல சடக்குன்னு சத்தம் கேட்டுச்சு, திரும்பினேன். நீங்க வந்து கத்தாழையா, நாரான்னு கேட்டீங்க. பேசிட்டு மறுபடி பாத்தா ஆளக் காணோம்.”

நான் அந்த நாலு நிமிடத்தை நினைத்தேன். அதில் ஒன்றரை நிமிடம் நைலானைப் பற்றி.

“இதழில் இந்தப் படத்தைக் கேட்டால் போடட்டுமா?” என்று பிறகொரு நாள் அவரிடம் கேட்டேன். அறுபத்து நான்காவது ஆள். “வாணாங்க” என்றார். மூன்று வாசகர்களுக்கும் இதுதான் என் பதில்.

ஆனால் படத்தைக் காட்டிய அன்று அவர் வேறொன்று கேட்டார். “இத ஒண்ணு கழுவி அதுகிட்டக் குடுக்க முடியுங்களா? நான் போக முடியாது. அதுவும் வராது.”

பாப்பாரப்பட்டிப் பக்கம்

இரண்டு பேருந்து மாறிப் போனேன். கேமராவை வீட்டில் வைத்துவிட்டேன். சின்னபாப்பா களத்தில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

“உங்கனாலதான் நான் உசுரோட இருக்கற அண்ணனுக்குக் கோடி தூக்கிட்டுப் போனேன்.”

“ஆமாங்கம்மா.”

படத்தை நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பார்த்தார்.

“இது எப்ப எடுத்தது?”

நான் நாளைச் சொல்லவில்லை. நீங்கள் சந்தையில் ஆட்டுக்காரர்கள் பக்கம் நின்ற காலை என்று சொன்னேன். உங்களைக் கூப்பிட வாயைத் திறந்தபோது எடுத்தது என்று சொன்னேன்.

அவர் படத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்தார். பிறகு சொன்னார். “எனக்கு என்ன ஆட்டுக்குட்டி வேணும்? அந்தச் சாக்குல எங்கண்ணனப் பாக்கத்தான் போனேன். தெகிரியம் வந்து திரும்பிப் பாத்தேன். அது முதுகக் காட்டிக்கிட்டு யாரோ பேண்டு சட்டைக்காரருகிட்ட சிரிச்சுப் பேசிட்டிருந்துச்சு. என்னைப் பாத்துட்டுத்தான் திரும்பிக்கிச்சுன்னு நெனச்சேன். பஸ் ஏறிட்டேன்.”

அந்தப் பேண்டு சட்டைக்காரர் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் பேண்ட்டையும் சட்டையையும் ஒருமுறை பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

“ஒருக்கா வாங்கம்மா, அவரைப் பார்க்க” என்றேன்.

“கோடி எடுத்துட்டுப் போன காலுங்க. அந்த வாசல மறுபடி மிதிச்சா அதுக்கு ஆகாது.” அதில் கோபமே இல்லை. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம்தான் இருந்தது.

உள்ளே போனார். தகரப் பெட்டி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, “செவுத்துல மாட்டலீங்க. மாட்டுனா பாக்கறவங்க பொட்டு வெச்சுருவாங்க. துணிக்கு அடியில வெச்சிருக்கறேன்னு சொல்லுங்க” என்றார்.

அடுத்த சந்தையில் மாதையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பெரியவருக்குக் கிணற்றுக் கயிறு முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். ஆட்டுக்குட்டி வெறும் சாக்கு என்று சொன்னேன். தகரப் பெட்டியைச் சொன்னேன். அவர் முதுகைத்தான் தங்கை பார்த்தது என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இன்றும் தெரியவில்லை.

அவர் கை நின்றது. பெரியவர் காத்திருந்தார். மாதையன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“எத்தன முழம் ஆச்சுங்க?”

நான் எண்ணியிருக்கவில்லை.

அவர் கயிற்றைக் கீழே விட்டு, நுனியைத் தேடி எடுத்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.